அத்தை ஐந்து, பொது மூன்று

அநியாயம் நடந்தது எனக்குத்தான் சார். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் கைப்பட எழுதி, ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, இதோ இந்த வாசல் கதவுக்குப் பின்னால் ஒட்டி வைத்திருந்த கரண்டு அட்டவணையை எங்கப்பா ஒரு வார்த்தை விசாரிக்காமல் கிழித்துச் சாக்கடையில் போட்டார். போட்டு ஐம்பத்தெட்டு நாள் ஆகிறது. அன்றிலிருந்து என்னோடு பேச்சும் இல்லை. குற்றம் என்று ஒன்றைச் சொன்னால் பதில் சொல்லலாம். குற்றத்தையே சொல்லாமல் தண்டனையை மட்டும் கொடுத்தால் எங்கே போய் வாதாடுவது?

நீங்கள் கேட்டது இத்தனைதான். "போன தடவை நானூத்தி நாப்பத்தி நாலு, இந்தத் தடவை ஐநூத்தி எழுவத்தாறு. என்னம்மா இப்படி எகிறிடுச்சு, ஏசி கீசி போட்டீங்களா?" என்று கேட்டீர்கள். இல்லை சார். ஏசி இல்லை. நாற்காலியில் உட்காருங்கள். தண்ணீர் குடியுங்கள். இந்தத் தெருவில் எல்லா வீட்டுக்கும் ரீடிங் எடுத்து முடிக்க உங்களுக்கு மத்தியானம் ஆகிவிடும், ஐந்து நிமிஷத்தில் ஒன்றும் குறைந்துவிடாது. அப்பாவும் அம்மாவும் வேலைக்குப் போய்விட்டார்கள். நான்தான் இருக்கிறேன்.

உள்ளே கேட்கிற சத்தமா? மெஷின். ஓடட்டும். அதற்கும் வருகிறேன்.

நான் எம்.ஏ. பொருளாதாரம், இரண்டாம் வருஷம். பெயர் அருள்மதி. கல்லூரியில் பட்டிமன்றம் என்றால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். கோபம் வந்தால் எனக்கு மேடைத் தமிழ் வந்துவிடும், பொறுத்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் நாலு பேர். அப்பா பேண்டேஜ் துணிக் கம்பெனியில் பார்சல் கட்டுகிறார். அம்மா அதே கம்பெனியில் மடிப்பு வேலை. அப்புறம் அப்பாவின் அக்கா, சீனியம்மாள் அத்தை. உங்களுக்குத் தெரியும். ஒவ்வொரு தடவையும் உங்களுக்குச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து தருவாளே, மூக்கில் டியூப் மாட்டிக்கொண்டு, அந்த அம்மாதான்.

அத்தை மில்லில் இருபத்தாறு வருஷம் வேலை பார்த்தாள். பஞ்சுப் பொதியை உடைத்துப் போடுகிற இடம். ஆறு மாதத்தில் விட்டுவிட்டுப் போன புருஷனைப் பற்றி ஒரு நாளும் பேச மாட்டாள், பஞ்சைப் பற்றி நாள் முழுக்கப் பேசுவாள். அந்தப் பஞ்சுத் தூசிதான் நெஞ்சுக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. மூச்சு பத்தவில்லை. ஒரு நாளைக்குப் பதினாறு மணி நேரம் ஆக்சிஜன் மெஷின் போட வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்து டியூப் வழியாகத் தருகிற மெஷின். சிலிண்டர் வேண்டாம், கரண்டு இருந்தால் போதும். அப்பா கடன் வாங்கிப் பழையது ஒன்று வாங்கிப் போட்டார்.

கரண்டு இருந்தால் போதும். பிரச்சினை அங்கேதான் தொடங்குகிறது.

ஐநூறு யூனிட் விஷயத்தை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு மாதத்துக்கு ஐநூறுக்குள் நின்றால் ஒரு கணக்கு, ஐநூற்று ஒன்று ஆனால் வேறு கணக்கு. அந்த ஒரு யூனிட்டுக்காக முன்னால் எரித்த யூனிட்டுக்கும் ரேட் ஏறும். மெஷின் வந்த பிறகு, போன தடவையைத் தவிர, எங்கள் வீடு ஒரு தடவைகூட ஐநூறுக்குள் நிற்கவில்லை. நாலு மாதத்துக்கு முன்னால் நீங்கள் எடுத்த ரீடிங் ஐநூற்று எண்பத்து நான்கு. அன்றைக்குச் சாயங்காலம் அப்பா பில்லைப் பார்த்துவிட்டு மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். சாப்பிடும்போது இரண்டாவது தடவை சோறு வாங்கவில்லை. அதைப் பார்த்துத்தான் நான் களத்தில் இறங்கினேன். பொருளாதாரம் படிக்கிற பெண் வீட்டில் இருந்தும் வீட்டுச் செலவு கையை மீறிப் போகிறது என்றால் படிப்பு எதற்கு? சொல்லுங்கள், தப்பா?

ஒரு வாரம் ஒவ்வொரு சாமானாக அளந்தேன். எது எத்தனை வாட், எத்தனை மணி நேரம் ஓடுகிறது என்று எல்லாம் எழுதினேன். எழுதியதை ஒட்டினேன். ஒரு நாளைக்கு இத்தனை யூனிட் என்று, பெரியதிலிருந்து சிறியது வரைக்கும் வரிசையாக. அத்தை ஐந்து. பொது மூன்று. அம்மா ஒன்று. அப்பா அரை. நான் கால்.

பொது என்றால் ஃபேன், ஃபிரிட்ஜ், லைட். அம்மா என்றால் கிரைண்டர், மோட்டார், இஸ்திரிப் பெட்டி. டி.வி. பார்ப்பது அப்பா மட்டும்தான், அதனால் அப்பா. மெஷின் அத்தைக்கு மட்டும்தான், அதனால் அத்தை.

அம்மாதான் முதலில் பார்த்தாள்.

"ஏண்டி, சாமான் பேரை எழுத வேண்டியதுதானே? எதுக்கு ஆள் பேரை எழுதி வச்சிருக்க?"

"சாமான் தானா ஓடுதாம்மா? ஆள்தானே ஓட்டுறோம். பொறுப்பு ஆளுக்கா, கிரைண்டருக்கா?"

"பொறுப்பெல்லாம் சரி. அண்ணி பேரு உச்சில இருக்கு. பாத்தா நல்லாவா இருக்கு?"

"உண்மை நல்லாருக்கணும்னு ஏதாவது சட்டம் இருக்கா? பொய்யா எழுதச் சொல்றியா?"

அம்மா மாவு வழித்த கையோடு திரும்பிப் போய்விட்டாள். பட்டிமன்றமாக இருந்தால் அங்கேயே தீர்ப்பு எனக்கு.

அத்தைக்கு ஒரு வருத்தமும் இல்லை சார், அதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். அட்டவணையைப் பார்த்துச் சிரித்தாள். டியூபைச் சரிசெய்துகொண்டு பக்கத்தில் போய் ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தாள். "அப்பிடியே எங்க மில்லு போர்டு மாதிரி இருக்கு பாப்பா," என்றாள். எனக்குப் பெருமையாக இருந்தது. ஒரு பெரிய ஆலை நிர்வாகம் செய்கிற மாதிரி நான் வீட்டில் செய்திருக்கிறேன் என்றால் சும்மாவா?

பிறகு ஒன்று கேட்டாள். "இதுல மேல இருக்கிற பேரு எத்தன நாளைக்கு மேல இருக்கலாம்?"

"நம்பர் குறையிற வரைக்கும்," என்றேன்.

வேறு என்ன சொல்வது? கேட்ட கேள்விக்கு அதுதானே பதில்?

தினமும் காலையில் மீட்டரைப் பார்த்து எழுதுகிற பொறுப்பை அத்தையிடமே கொடுத்தேன். வீட்டில் சும்மாதானே இருக்கிறாள், மனதுக்கும் ஒரு வேலை. மில்லில் மெஷின் மீட்டர் பார்த்துப் பார்த்துப் பழகிய கண். ஒரு நாள் தவறவில்லை. தேதி போட்டு, எண் போட்டு, அச்சடித்த மாதிரி எழுதுவாள்.

நாங்களும் பாடுபட்டோம். பழைய பல்பையெல்லாம் மாற்றினேன். இஸ்திரி வாரத்துக்கு ஒரு நாள்தான். அப்பாவிடம் செய்தி முடிந்ததும் டி.வி.யை நிறுத்தச் சொன்னேன், நிறுத்தினார். அம்மா துணி ஊற வைப்பதற்கு மோட்டார் போடுவதைக் குறைத்தாள். இதற்கெல்லாம் சேர்த்து இரண்டு மாதத்துக்கு நாற்பது யூனிட் குறையும் என்பது என் மதிப்பீடு. ஆனால் மீட்டர் அதைவிட வேகமாக இறங்கியது சார். முதல் வாரம் நாளைக்கு ஒன்பது. மூன்றாவது வாரம் எட்டு. ஐந்தாவது வாரம் ஏழு. ஆறரை.

எனக்கு எப்படி இருந்திருக்கும்! வகுப்பில் சொன்னேன். சிக்கனம் என்பது தொற்றிக்கொள்கிற பழக்கம், ஒரு இடத்தில் தொடங்கினால் எல்லா இடத்திலும் பரவும் என்று எங்கள் பேராசிரியரிடமே வாதாடினேன். "மதிப்பீட்டைவிட இவ்வளவு அதிகமாகக் குறைந்தால் முதலில் அளவைச் சரிபார்க்க வேண்டும் அம்மா," என்றார் அவர். வயசானவர். எதையும் சந்தேகப்படுவார்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் அட்டவணையைத் திருத்துவேன். குறைந்ததை யார் பெயரில் குறைப்பது? மெஷினுக்குக் குறைக்க முடியாது. டாக்டர் சொன்னது பதினாறு மணி நேரம், அது மாறாச் செலவு. எங்கள் பாடத்திலேயே இருக்கிறது. மாறாச் செலவைக் கூட்டிக் கழிக்க முடியாது. ஆகவே குறைந்தது எல்லாம் மற்றவர்கள் குறைத்ததாகத்தான் இருக்க வேண்டும். அம்மாவுக்கு அரையாக்கினேன். பொதுவை இரண்டாக்கினேன், பிறகு ஒன்றரையாக்கினேன். அத்தை ஐந்து அப்படியே இருந்தது.

நான் எழுதுவதை அத்தை பக்கத்தில் நின்று பார்ப்பாள்.

"எம் பேரு இன்னும் மேலதான் இருக்கா பாப்பா?"

"உன்னுது அப்பிடித்தான் இருக்கும் அத்தை. அது மாறாது."

"எவ்வளவு குறைஞ்சாலுமா?"

"குறையுறது நாங்க குறைக்கிறது. உன்னுது மாறாது. நீ கவலைப்படாத."

கவலைப்படாதே என்று நான் சொன்னேன் சார். என் வாயால் சொன்னேன். அதை யாரும் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

அந்தச் சமயத்தில்தான் அத்தை மருதாணி வைத்துக்கொண்டாள். பத்து விரலிலும், நகம் தெரியாமல், அப்பிக்கொண்டு. ஐம்பத்தெட்டு வயதில்! ஒரு நாள் கிழமைக்குக்கூட வைத்துக்கொள்ளாதவள். "என்ன அத்தை, மாப்பிள்ளை பாத்திருக்கா?" என்று நான் கேலி செய்தேன். அவளும் சிரித்தாள். "ஆமா, வர்றாரு, எருமை மேல ஏறி," என்றாள். எல்லாரும் சிரித்தோம், அப்பா மட்டும் சிரிக்கவில்லை. விரலில் மாட்டி ஆக்சிஜன் அளவு பார்க்கிற சின்னக் கருவி ஒன்று உண்டு. மருதாணி இருந்தால் அது சரியாகக் காட்டாதாம், அத்தை சொன்னாள். பேட்டரியும் தீர்ந்திருந்தது. அடுத்த மாதம் வாங்கிக்கொள்ளலாம் என்று அவளேதான் சொன்னாள். நானா வேண்டாம் என்றேன்?

உதடு கொஞ்சம் கறுத்திருந்தது. நாவற்பழம் தின்றேன் என்றாள். அது நாவற்பழம் வருகிற காலமா என்று கேட்கிறீர்களா? எனக்கு எப்படித் தெரியும் சார், நான் என்ன தோட்டக்கலையா படிக்கிறேன்? கால் வீங்கியது. உட்கார்ந்தே இருந்தால் வீங்காதா? ஒரு நாள் காபித்தூளை அள்ளி இட்லி மாவில் போட்டுவிட்டு அப்படியே பார்த்துக்கொண்டு நின்றாள். இன்னொரு நாள் என்னைப் பார்த்து, "சிஃப்டு முடிஞ்சுதா?" என்று கேட்டாள். வயதாகிறது என்று நினைத்தோம். எல்லாரும்தான் நினைத்தோம், நான் மட்டுமா?

ஒரு புதன்கிழமை கடைசி இரண்டு வகுப்பு இல்லை. மத்தியானமே வந்துவிட்டேன். வீட்டில் சத்தமே இல்லை. சத்தம் இல்லை என்பதே எனக்குக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறைத்தது. எப்போதும் கேட்கிற சத்தம் நின்றால் காது எதையோ தேடும் இல்லையா? அத்தை இதே நாற்காலியை மீட்டர் பெட்டிக்குக் கீழே போட்டு உட்கார்ந்து மேலே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். மூக்கில் டியூப் இல்லை. வாய் திறந்திருந்தது.

"அத்தை, என்ன பண்ற?"

கையைக் காட்டி நிறுத்தினாள். "கூப்பிடாத பாப்பா. எண்ணிக்கிட்டிருக்கேன்."

மீட்டரில் அந்தச் சின்னச் சிவப்பு விளக்கு. ஒரு தடவை சிமிட்டியது. அப்புறம் நெடுநேரம் சும்மா இருந்தது. அப்புறம் இன்னொரு தடவை.

"பாத்தியா, எவ்வளவு மெதுவா சிமிட்டுது," என்றாள். ஒவ்வொரு வார்த்தைக்கும் நடுவில் மூச்சு வாங்கியது. "மெஷினு ஓடும்போது படபடன்னு அடிக்கும். இப்ப பாரு, தூங்குற பிள்ளை மாதிரி."

"மெஷின் ஏன் ஓடலை?"

"இப்பத்தான் நிறுத்துனேன். நாள் பூரா மாட்டிக்கிட்டு இருந்தா மூக்கு எரியுதுல்ல."

பதில் திருப்தியாக இருந்தது. மெஷின் சூடாகும், சற்று நேரம் நிறுத்தினால் அதற்கும் நல்லது. நான் உள்ளே போய்ச் சாப்பிட்டேன். சாப்பிட்டு முடிக்கும்போது மெஷின் சத்தம் கேட்டது. இதில் நான் என்ன கண்டுபிடித்திருக்க வேண்டும் என்கிறார்கள்?

அடுத்த வாரம் நீங்கள் வந்தீர்கள். நானூற்று நாற்பத்து நான்கு. "பரவால்லியேம்மா, ஐநூறுக்குள்ள முடிச்சிட்டீங்களே," என்று நீங்கள்தான் சொன்னீர்கள். எனக்கு அது நெஞ்சில் மெடல் குத்திய மாதிரி இருந்தது. அத்தைதான் தண்ணீர் கொண்டுவந்தாள். சொம்பு லேசாக ஆடியது, உங்கள் சட்டையில்கூடக் கொஞ்சம் சிந்தியது. நீங்கள் பரவாயில்லை என்றீர்கள். ஞாபகம் இருக்கிறதா?

நீங்கள் அடுத்த வீட்டு கேட்டைத் திறக்கிற சத்தம் எனக்குக் கேட்டது. அதே நேரத்தில் சொம்பு விழுகிற சத்தமும் கேட்டது. நான் திரும்பினேன். அத்தை கதவைப் பிடித்துக்கொண்டு, என் அட்டவணை மேலேயே கன்னத்தை வைத்துச் சாய்ந்து, அப்படியே கீழே இறங்கினாள்.

பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். டாக்டர் பஞ்சை நனைத்து ஒரு விரலை மட்டும் அழுத்தித் துடைத்துப் பார்த்தார். மருதாணி போகவில்லை. கால் நகத்தைப் பார்த்தார். அது நீலமாக இருந்தது. "மெஷின் எத்தனை மணி நேரம் ஓடிச்சு?" என்று கேட்டார். பதினாறு என்று அப்பா சொன்னார். "மெஷின் பின்னாடி ஒரு மீட்டர் இருக்கும். ஓடின மணி நேரத்தைக் காட்டும். போய்ப் பாத்துட்டு வாங்க," என்றார் டாக்டர்.

எங்கள் யாருக்குமே தெரியாது சார், அதற்கும் ஒரு மீட்டர் உண்டு என்று. வீட்டில் ஒவ்வொரு பிளக்கையும் அளந்த எனக்கே தெரியாது. அதற்கு இரண்டு மாதம் முன்னால் சர்வீஸ் செய்தவர் அன்றைய எண்ணை ஸ்டிக்கரில் எழுதி ஒட்டிவிட்டுப் போயிருந்தார். கழித்துப் பார்க்க வேண்டியதுதான். தொள்ளாயிரத்து அறுபது மணி நேரம் ஓடியிருக்க வேண்டும். ஓடியது அறுநூற்றுப் பதினெட்டு.

அப்பா குனிந்து பார்த்தார். இன்னொரு தடவை பார்த்தார். எழுந்து வந்து கதவிலிருந்து அட்டவணையைக் கிழித்தார். ஒரே இழுப்பில் வரவில்லை, நான் நன்றாகப் பசை போட்டு ஒட்டியிருந்தேன். நகத்தால் சுரண்டிச் சுரண்டி எடுத்தார். நான் பக்கத்திலேயே நின்று பேசிக்கொண்டிருந்தேன். "அப்பா, நான் மெஷினை நிறுத்தச் சொல்லலை. மெஷின் மாறாச் செலவுன்னுதான் எழுதியிருக்கேன். பாருங்க, ஐந்துன்னுதானே இருக்கு. ஒரு நாளாவது குறைச்சு எழுதினேனா?" என்று கேட்டேன். அவர் கிழித்ததைக் கொண்டுபோய்ச் சாக்கடையில் போட்டார்.

நீங்கள் நடுவர் சார். நீங்களே சொல்லுங்கள். அத்தையின் பி.எஃப். பணத்தில்தான் நான் எம்.ஏ. சேர்ந்தேன், ஒப்புக்கொள்கிறேன். அதற்காக ஐந்தை நாலு என்று எழுத முடியுமா?

எனக்குத் தேவைப்பட்டது ஒரே ஒரு வாக்குமூலம். நான் சொல்லவில்லை என்று அத்தை ஒரு வார்த்தை, அப்பா காதுபடச் சொல்லிவிட்டால் போதும். ஆஸ்பத்திரியில் பக்கத்தில் உட்கார்ந்து தினமும் கேட்டேன். "நான் அணைக்கச் சொன்னேனா அத்தை?" அவள் என்னையே பார்ப்பாள். மாஸ்க்குக்குள் புகை மாதிரி மூச்சு வரும், போகும். "அவளைப் போட்டுப் படுத்தாதடி," என்று அம்மா என் கையைப் பிடித்து இழுப்பாள். நான் படுத்தவில்லை. கேட்டேன். கேட்பதும் படுத்துவதும் ஒன்றா?

ஒன்பதாவது நாள் பதில் சொன்னாள். பத்தாவது நாள் காலையில் அத்தை இல்லை.

ஆமாம் சார். இரண்டு மாதம் ஆகப்போகிறது. நீங்கள் உள்ளே எட்டிப் பார்ப்பது தெரிகிறது. பாருங்கள், பாருங்கள். உள்ளே மெஷின் பக்கத்தில் அவள் உட்காருகிற நாற்காலி காலிதான். டியூபை அப்பா நாற்காலிக் கையில் சுற்றி வைத்திருக்கிறார். காதை வைத்துக் கேட்டால் அதிலிருந்து காற்று வருகிற சத்தம்கூடக் கேட்கும். காரியம் முடிந்த மறுநாள் மெஷினைப் போட்டார், இன்றுவரைக்கும் நிறுத்தவில்லை. பதினாறு மணி நேரம் இல்லை, இருபத்து நாலு மணி நேரமும். பாத்திரம் கழுவும்போதும் கேட்கிறது. படிக்கும்போதும் கேட்கிறது. ஒரு நாள் நான் சுவிட்ச் பக்கம் போனேன். அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்த கையோடு எழுந்து வந்து எனக்கும் சுவிட்சுக்கும் நடுவில் நின்றார். அவ்வளவுதான்.

யாருமே இல்லாத நாற்காலிக்கு நாளைக்கு ஏழு யூனிட். இது வீண்தானே? பொருளாதாரத்தில் இதற்கு வேறு பெயர் இருக்கிறதா? இருந்தால் சொல்லுங்கள், திருத்திக்கொள்கிறேன். ஐநூற்று எழுபத்தாறு ஏன் என்று கேட்டீர்கள். இதுதான் ஏன்.

அந்தப் பதிலா? அதைச் சொல்லத்தானே சார் உட்காரச் சொன்னேன்.

அன்றைக்கு அப்பாவும் பக்கத்தில் இருந்தார். நல்ல சமயம் என்று நினைத்தேன். குனிந்து கேட்டேன். "அத்தை, அப்பா இருக்காங்க. அவங்க முன்னாடி சொல்லு. மெஷினை அணைன்னு நான் ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொன்னேனா?"

அத்தை மருதாணிக் கையால் மாஸ்க்கை விலக்கினாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள், அட்டவணையைப் பார்த்துச் சிரித்த மாதிரியே.

"நீ ஒண்ணும் சொல்லல பாப்பா. மில்லுலயும் யாரும் வாயத் தொறந்து சொல்ல மாட்டாங்க. போர்டுல பேரை மேல எழுதுவாங்க, அவ்வளவுதான். நாமளா புரிஞ்சுக்கிட்டு மில்லு கேட்டுக்கு வெளிய போயிடணும். எனக்குத்தான் போக வேற எடமில்லையே. அதான் பேரைக் கொஞ்சம் கீழ எறக்கப் பாத்தேன்."